சட்ட மாணவர்களுக்குத் தடயவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டக் கல்லூரியில் தடயவியல் பாடம் எடுக்கப்போகிறவர்களும் படிக்க வருகிற மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு பக்கம் வேண்டியிருக்கிறது.

நிபுணர் சாட்சி என்று ஒருவர் வருகிறாரே, அப்புறம் வக்கீலுக்கு எதற்கு இதெல்லாம்?

நிபுணர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்வார். சட்டையில் நான்கு கறைகள் இருந்து ஒன்றை மட்டும் சோதித்திருந்தால், மற்ற மூன்றைப் பற்றிக் கூண்டில் ஏறி அவராகப் பேசப்போவதில்லை. அவர் மறைக்கிறார் என்று அர்த்தமில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்பது வக்கீலின் வேலை, கேட்டதற்கு வந்த பதிலை எடைபோடுவது நீதிபதியின் வேலை. இரண்டு பேருக்கும் இந்தப் பாடம் வேண்டும்.

இன்னொன்று. இந்தத் துறையைச் சட்டக்காரர்களுக்கு அந்நியமானதாக நினைக்கத் தேவையில்லை. குற்றப் புலனாய்வை அறிவியல் வழிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான ஹான்ஸ் கிராஸ், ஆஸ்திரியாவில் விசாரணை நீதிபதியாக இருந்தவர். 1910-இல் லியோன் நகரில் காவல்துறை ஆய்வகம் தொடங்கிய எட்மோன் லொக்கார் மருத்துவத்தோடு சட்டமும் படித்தவர். 1909-இல் லொசான் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தடயவியல் பள்ளி இன்றைக்கும் அங்கே சட்டத்தோடு ஒரே புலத்தில்தான் இருக்கிறது.

பள்ளியோடு அறிவியலை மூட்டை கட்டிய மாணவர்களால் இதைப் படிக்க முடியுமா?

தாராளமாக. வேதியியல் படித்த மாணவர் வகுப்பில் இருந்தால் சில சமயம் அவரால்தான் சிக்கல். ஆய்வகச் சொல் எல்லாம் தெரிந்திருப்பதால் அறிக்கையை அப்படியே நம்பிவிடுவார். ஒன்றும் தெரியாதவர், 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்பார். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

முதல் வகுப்பில் எதிலிருந்து தொடங்குவது?

ஓர் ஆய்வக அறிக்கையிலிருந்து. தடயவியலின் வரலாறு, பிரிவுகள், வரையறைகள் என்று ஆரம்பித்தால் இரண்டாம் வகுப்புக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

பெயர்களை நீக்கிய பழைய அறிக்கை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளலாம். இப்படி நான்கு வரி போதும்:

'பொருள் 3: நீலச் சட்டை, முத்திரையிட்ட உறையில் பெறப்பட்டது. மனித ரத்தம் கண்டறியப்பட்டது. கறையிலிருந்து பெற்ற டிஎன்ஏ, பொருள் 7-இல் உள்ள ரத்த மாதிரியுடன் ஒத்துப்போகிறது. மாதிரி முழுவதும் சோதனையில் செலவாகிவிட்டது.'

இதைக் கொடுத்துவிட்டு, 'இந்த அறிக்கை எதையெல்லாம் சொல்லவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். முதலில் வகுப்பு மௌனமாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக வரும். கறை சட்டையில் எந்த இடத்தில்? முன்பக்கமா, காலரின் உள்பக்கமா? சொட்டா, தெறிப்பா, தேய்ப்பா? ரத்தம் என்று எந்தச் சோதனையில் முடிவுசெய்தார்கள்? டிஎன்ஏ ஒருவருடையதா, இரண்டு மூன்று பேருடையது கலந்திருந்ததா? சட்டை கைப்பற்றப்பட்டது என்றைக்கு, ஆய்வகத்துக்கு வந்தது என்றைக்கு? இடையில் எங்கே இருந்தது? 3-க்கும் 7-க்கும் நடுவே உள்ள பொருள்கள் 4, 5, 6 என்ன ஆயின, அவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லையா? சோதித்தவரும் கையெழுத்துப் போட்டவரும் ஒரே ஆளா? கடைசி வரி வேறு இருக்கிறது: மாதிரி தீர்ந்துவிட்டதென்றால் மறுசோதனை என்று யாரும் இனிக் கேட்க முடியாது.

'எந்தச் சோதனை' என்ற கேள்வி அற்பமாகத் தெரியலாம். ரத்தத்துக்கு இரண்டு கட்டச் சோதனை உண்டு. முதலாவது, 'ரத்தமாக இருக்கலாம்' என்று மட்டும் காட்டும் நிறமாற்றச் சோதனை. இரண்டாவது, உறுதி செய்யும் சோதனை. முதல் வகை தாமிரச் சேர்மங்களுக்கும் சில காய்களின் சாற்றுக்கும்கூட நிறம் மாறும். இந்த வித்தியாசம் கவனிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லென் வழக்கைச் சொல்லலாம். 1980-இல் உலுரு பகுதியில் அவருடைய கைக்குழந்தை காணாமல் போனது. காட்டுநாய் தூக்கிப்போனது என்றார் தாய். காரில் குழந்தையின் ரத்தம் இருந்ததாக ஆய்வக நிபுணர் சாட்சி சொல்ல, 1982-இல் தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ரத்தத் தெறிப்பு என்று காட்டப்பட்டது, கார் தயாரிக்கும்போது இரைச்சலைக் குறைக்கத் தெளிக்கும் பூச்சு என்று பின்னால் நடந்த விசாரணை ஆணையத்தில் தெரியவந்தது. முதலில் செய்த சோதனைகளின் தகடுகளை ஆய்வகம் வழக்கத்தின்படி ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. 1988-இல் தீர்ப்பு ரத்தானது. காட்டுநாய்தான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தது 2012-இல்.

டிஎன்ஏ பொருந்திவிட்டால் வழக்கு முடிந்ததுதானே?

மாணவர்கள் வகுப்புக்குள் நுழையும்போதே கொண்டுவரும் நம்பிக்கை இது. டிஎன்ஏ வலுவான சான்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: இது யாருடையதாக இருக்கலாம்? அது அங்கே எப்படி வந்தது, எப்போது வந்தது, அந்த ஆள் குற்றம் செய்தாரா என்பவை வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை அடுத்ததற்குத் தூக்கிப் போடுவதுதான் நீதிமன்றங்களில் அதிகம் நடக்கிற சறுக்கல்.

இரண்டு வழக்குகளைச் சொன்னால் விஷயம் பதிந்துவிடும். 2007-இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஆஸ்திரியா, பிரான்ஸ், ஜெர்மனி என்று மூன்று நாடுகளில் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏவோடு பொருந்தியது. கொலை, திருட்டு, வழிப்பறி என்று எல்லா இடத்திலும் அதே பெண். 2009-இல்தான் விடை கிடைத்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்தவரின் டிஎன்ஏ அது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான், ஆனால் கிருமி செத்தால் டிஎன்ஏவும் போய்விடும் என்று கிடையாது. இத்தகைய பொருள்களுக்கு 2016-இல் ஐஎஸ்ஓ 18385 என்று தனித் தரமே வந்தது.

இரண்டாவது, 2012-இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. கொலையுண்டவரின் நகத்தில் ஒருவரின் டிஎன்ஏ கிடைத்தது, அவர் கைதாகி மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். கொலை நடந்த இரவு அவர் போதையில் மருத்துவமனையில் படுத்திருந்ததை அவருடைய வக்கீல் தரப்பு பதிவேடுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அதே மருத்துவ உதவியாளர்கள் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். ஆய்வகம் இங்கே ஒரு பிழையும் செய்யவில்லை. டிஎன்ஏ அவருடையதுதான். உண்மை கிடைத்தது ஆம்புலன்ஸ் பதிவேட்டில்.

எல்லாத் துறைகளையும் ஒரே அளவுக்கு நடத்த வேண்டுமா?

வேண்டாம். எல்லாமே ஒரே அளவுக்கு நம்பத் தகுந்தவையும் அல்ல என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது முக்கியம். 2009-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் கவுன்சில் வெளியிட்ட அறிக்கை இதை வெளிப்படையாகச் சொன்னது: கருவழி டிஎன்ஏ (செல்லின் உட்கருவிலிருந்து எடுப்பது) பகுப்பாய்வைத் தவிர, ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒருவரோடு உறுதியாக இணைக்கும் திறன் வேறு எந்த முறைக்கும் கறாராக நிரூபிக்கப்படவில்லை. பல் தடத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பதற்கு அறிவியல் அடித்தளம் போதாது என்று 2016-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் சொல்லிவிட்டது. நுண்ணோக்கியில் முடியை ஒப்பிடுவது இன்னும் மோசம். தன் நிபுணர்கள் சொன்ன பழைய சாட்சியங்களை எஃப்பிஐ திரும்பப் பார்த்தபோது, 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் தவறான கூற்றுகள் இருந்ததாக 2015-இல் அதுவே ஒப்புக்கொண்டது.

ஆகவே டிஎன்ஏ, கைரேகை, டிஜிட்டல் சான்று, பிரேதப் பரிசோதனை ஆகிய நான்கையும் நன்றாக நடத்துங்கள். மற்றவற்றுக்கு ஒரே கேள்வித்தாள் போதும்: இந்த முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, பிழை விகிதம் என்ன, எழுதிவைத்த நெறிமுறை உண்டா, துறைக்கு வெளியே உள்ளவர்கள் சரிபார்த்தார்களா? நிபுணர் சாட்சியத்தை ஏற்பதற்கு 1993-இல் டாபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்களும் ஏறக்குறைய இவைதான். உங்கள் நாட்டுச் சட்டம் அதைப் பின்பற்றாவிட்டாலும் குறுக்கு விசாரணைக்கு உதவும்.

நிகழ்தகவு என்றாலே மாணவர்கள் ஓடுகிறார்கள். என்ன செய்வது?

சூத்திரத்தைத் தொடாதீர்கள், ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். பழைய, சிதைந்த மாதிரி ஒன்றிலிருந்து பாதி டிஎன்ஏ விவரம்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தற்செயலாக ஒருவரோடு அது பொருந்த 1 லட்சத்தில் 1 வாய்ப்பு. 'அப்படியானால் இவர் குற்றவாளியாக இல்லாதிருக்க 1 லட்சத்தில் 1 வாய்ப்புதான்' என்று அரசுத் தரப்பு வாதிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நகரத்தில் 20 லட்சம் பேர் இருந்தால்? பலகையில் 20 புள்ளிகள் வையுங்கள். புள்ளிக்கு ஒருவராக இருபது பேரோடு அந்த விவரம் பொருந்தக்கூடும். கையில் வேறு சான்றே இல்லையென்றால், நம் ஆள் அந்த இருபதில் ஒருவர், அவ்வளவுதான்.

உடனே வகுப்பில் ஒருவர் துள்ளி எழுவார்: 'அப்படியென்றால் இந்தச் சான்றே தண்டம்!' அதுவும் தப்பு. 20 லட்சம் பேரை இருபதாகச் சுருக்கிய சான்று தண்டமாகாது. அந்த இருபதில் எத்தனை பேர் அன்று அந்தத் தெருவில் இருந்தார்கள், எத்தனை பேருக்குக் கொல்லப்பட்டவரோடு தகராறு இருந்தது என்று மற்றச் சான்றுகளைச் சேர்க்கச் சேர்க்கப் புள்ளிகள் அழியும். இரண்டு தரப்பும் ஒரே எண்ணை எப்படித் திரிக்கும் என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

இதற்குப் பிறகு சாலி கிளார்க் வழக்குக்குப் போகலாம். இங்கிலாந்தில் அவர் ஒரு வழக்கறிஞர். இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன, இரண்டையும் கொன்றதாக 1999-இல் தண்டிக்கப்பட்டார். அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்க 8,543-இல் 1 வாய்ப்பு, இரண்டும் அப்படி இறக்க அதை அதாலேயே பெருக்கி 7.3 கோடியில் 1 என்றார் குழந்தைகள் நல நிபுணர் ராய் மெடோ. ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே வீடு. முதல் மரணத்துக்கும் இரண்டாவதற்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் பெருக்கலாம். அதுமட்டுமில்லை, ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிதான சம்பவம்தான். இரண்டு அரிதானவற்றை ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டினார்கள். அரச புள்ளியியல் கழகமே 2001-இல் கண்டித்து அறிக்கை விட்டது. 2003-இல் அவர் விடுதலையானதற்கு நேரடிக் காரணமோ வேறு: இரண்டாவது குழந்தையின் நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகள் எதிர்த் தரப்புக்குக் காட்டப்படவே இல்லை. எண்ணைக் கேள்வி கேட்பது ஒரு பக்கம், கோப்பு முழுவதையும் கேட்டு வாங்குவது இன்னொரு பக்கம் என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

நேர்மையான நிபுணரும் தவறுவாரா?

தவறுவார். நேர்மையற்றவரைப் பிடிப்பதைவிட இவரைப் புரிந்துகொள்வது கடினம்.

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு நடந்தது. வெடிப்பான்கள் இருந்த பையில் கிடைத்த கைரேகை அமெரிக்காவின் ஆரிகன் மாநில வழக்கறிஞர் பிரண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்பிஐ முடிவுசெய்தது. அடுத்தடுத்துப் பார்த்த நிபுணர்கள் ஆமோதித்தார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆமோதித்தார். ஸ்பெயின் காவல்துறையோ ஒப்புக்கொள்ளவே இல்லை. கடைசியில் ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தது. இரண்டு வாரம் காவலில் இருந்த மேஃபீல்டு விடுவிக்கப்பட்டார், பிறகு அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. (சாலி கிளார்க், மேஃபீல்டு இருவரும் வழக்கறிஞர்கள் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.)

2006-இல் உளவியல் ஆய்வாளர் இத்தியல் ட்ரோரும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட சோதனை இதன் தொடர்ச்சி. ஐந்து கைரேகை நிபுணர்களிடம், அவர்களே முன்பு 'பொருந்துகிறது' என்று சொன்ன ஜோடிகளைக் கொடுத்து, 'இதுதான் அந்த மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்திய ரேகை' என்றார்கள். ஐந்தில் நான்கு பேர் தங்கள் பழைய முடிவிலிருந்து விலகினார்கள். ரேகை மாறவில்லை, உடன் வந்த கதைதான் மாறியது. அதனால் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று: சோதனைக்கு முன்பு வழக்கைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள்?

கல்லூரியில் ஆய்வகமே இல்லையே?

ஒரு முத்திரை மை அட்டையும் வெள்ளைத்தாளும் போதும். ஒவ்வொருவரும் கட்டைவிரல் ரேகையை ஒருமுறை நிதானமாக உருட்டி எடுக்கட்டும், இன்னொரு முறை அவசரமாக, லேசாக இழுத்தபடி பாதி மட்டும் படியட்டும். பெயருக்குப் பதில் எண் போட்டு, கலைத்து, ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வகுப்பில் சண்டை வந்துவிடும். இரண்டாம் சுற்றில் பாதிப் பேரிடம் மட்டும், 'இந்த எண்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று கிசுகிசுத்துவிட்டு முடிவுகளை ஒப்பிடுங்கள். முடிந்ததும் தாள்களை எல்லார் முன்னாலும் கிழித்துப்போட மறக்காதீர்கள். ரேகை அவரவர் சொத்து.

இன்னொரு பயிற்சி, செயின் ஆஃப் கஸ்டடி. தடயம் கைப்பற்றிய நொடியிலிருந்து நீதிமன்றம் வரும்வரை யார் யார் கையில், எப்போது, எந்த முத்திரையோடு இருந்தது என்ற தொடர்ப் பதிவு அது. சிவப்பு மை நனைத்த துணி ஒன்றை உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்திட்டு, ஒருவர் மாற்றி ஒருவராக நான்கு நாள் கைமாறவிடுங்கள். ஐந்தாம் நாள் பதிவேட்டைத் திறந்தால், எங்கேயாவது ஒரு நேரம் விட்டுப்போயிருக்கும், ஒரு கையெழுத்து யாருடையதென்றே தெரியாது. ஈரத் துணியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டவர்கள் பூஞ்சை வாசனையையும் அனுபவிப்பார்கள். உயிரியல் தடயத்தை உலர்த்திக் காகித உறையில் போடச் சொல்வதன் காரணத்தைத் தனியாக நடத்த வேண்டியிருக்காது.

குறுக்கு விசாரணைப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கூண்டில் ஏற்ற முடிந்தால் அதற்கு ஈடில்லை. நீலச் சட்டை அறிக்கையை வைத்து இப்படிப் போகலாம்:

– சட்டையில் எத்தனை கறைகள் இருந்தன?
– நான்கு.
– எத்தனையிலிருந்து மாதிரி எடுத்தீர்கள்?
– ஒன்றிலிருந்து.
– மற்ற மூன்றையும் சோதிக்கவில்லை?
– இல்லை.
– அவை யாருடையவை என்று உங்களால் சொல்ல முடியாது?
– முடியாது.

இங்கே நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் உட்காரமாட்டார்கள். 'ஏன் சோதிக்கவில்லை?' என்று வெற்றிக் களிப்பில் கேட்பார்கள், நிபுணர் ஐந்து நிமிடம் பொறுமையாக விளக்கி எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டு போய்விடுவார். இந்த அடியை வகுப்பிலேயே வாங்கிவிடுவது நல்லது.

இது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர்களுக்கான பாடம் மாதிரி இருக்கிறதே?

அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு இன்னும் அதிகம் தேவை. ஓட்டையை நீதிமன்றத்தில் எதிராளி கண்டுபிடிப்பதற்கு முன் அவர் கண்டுபிடித்தாக வேண்டும், அப்போதுதான் மற்ற மூன்று கறைகளையும் சோதிக்கச் சொல்ல நேரமிருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆன்னி டூக்கான் என்ற வேதியியலாளர் போதைப்பொருள் மாதிரிகளைச் சரியாகச் சோதிக்காமலே முடிவு எழுதியது வெளியானபோது, 2017-இல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. அத்தனையும் அரசுத் தரப்பு ஜெயித்த வழக்குகள்.

டிஜிட்டல் சான்று இதில் சேருமா?

இன்றைக்கு மாணவர்கள் கையில் முதலில் வரப்போவது அதுதான். மூன்றை மட்டும் பதியவையுங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது படம், உரையாடல் ஆகாது. மூலக் கருவியைக் கேளுங்கள். ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு எழுத்தை மாற்றினாலும் எண் முற்றிலும் மாறிவிடும், ஆகவே கைப்பற்றியபோது எடுத்த ஹாஷும் இப்போதையதும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றாவது நேரம்: பல பதிவுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் வாசித்தால் ஒருவர் இல்லாத இடத்தில் இருந்ததாக ஆகிவிடும். கோப்பின் தேதி 1970 ஜனவரி 1 என்றிருந்தால் பதறவேண்டாம். பல கணினிகளும் கைபேசிகளும் அங்கிருந்துதான் நேரத்தை எண்ணத் தொடங்குகின்றன. உண்மைத் தேதி பதிவாகவில்லை என்று பொருள்.

சடலப் படங்களைக் காட்டலாமா?

தேவைப்பட்டால், முன்னறிவிப்போடு, வெளியே போக அனுமதி கொடுத்து. காயத்தின் வடிவத்தை விளக்கக் கோட்டோவியமே பெரும்பாலும் போதும். அதிர்ச்சி கொடுப்பது பாடத்தில் சேராது.

பாடத்தை யார் எடுப்பது, விஞ்ஞானியா வக்கீலா?

இருவரும் ஒரே வகுப்பில் நின்று வாக்குவாதம் செய்தால் உத்தமம். அது முடியாத இடத்தில் வக்கீல் எடுக்கலாம், விஞ்ஞானி இரண்டு மூன்று வகுப்புகளுக்கு வரலாம். விஞ்ஞானி மட்டும் எடுத்தால் பாடம் மெல்ல மெல்ல வேதியியலாகிவிடுகிறது. நீதிபதிகளுக்காக பிரிட்டனின் ராயல் சொசைட்டியும் எடின்பரோ ராயல் சொசைட்டியும் 2017 முதல் வெளியிட்டுவரும் சிறு கையேடுகளைப் பாருங்கள். எவ்வளவு ஆழம் போதும் என்பதற்கு நல்ல அளவு அது.

தேர்வு?

திறந்த புத்தகம், பார்த்திராத ஓர் அறிக்கை, இரண்டு மணி நேரம். நிபுணரிடம் கேட்கப் பத்துக் கேள்விகள் எழுதி, கேட்கக் கூடாத ஒன்றையும் அதன் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

மொத்தமே ஆறு மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள். எதை விடுவது?

வரலாறு, டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் படிகள், கருவிகளின் பெயர்கள், துப்பாக்கி வகைகள் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். முதல் இரண்டு மணி நேரம் நீலச் சட்டை அறிக்கை. மூன்றாவது, இருபது புள்ளிகளும் சாலி கிளார்க்கும். நான்காவது, மை அட்டை. மீதி இரண்டிலும் குறுக்கு விசாரணை; நேரம் போதாமல் எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்காவிட்டால், கூண்டில் நிற்பவர் வேடத்தையாவது மாற்றி மாற்றிக் கொடுங்கள். அந்தப் பக்கம் நின்று பதில் சொல்லிப் பார்த்தவர்கள் அடுத்த முறை கேட்கும் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன.